காபி டப்பாவில் கிடைத்த வின்செஸ்டர்

நான் போனது, உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் பழைய பெஞ்ச் வைஸ் ஒன்றுக்காக. யூட்டா மாநிலத்தில், ஆக்டன் நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டில் எஸ்டேட் சேல். வீட்டுப் பெரியவர் காலமானதும் பிள்ளைகள் கரண்டியிலிருந்து டிராக்டர் வரை எல்லாவற்றுக்கும் விலை ஒட்டி வாசலைத் திறந்து வைத்துவிடுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் வைஸை வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஷெட்டில் துழாவினேன். மூடி துருவேறிய காபி டப்பா ஒன்று கனத்தது. உள்ளே எண்ணெயில் ஊறிக் கறுத்த துணி, துணிக்குள் ஒன்றரைக் கிலோ இரும்பு.

துப்பாக்கி என்று அதைச் சொல்ல முடியாது. குழல் இல்லை, தோளில் வைக்கும் மரக்கட்டை இல்லை, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் இல்லை. ரிசீவர் என்கிற நடு உடல், அதில் துருவால் ஒட்டிப்போன லீவர் என்கிற கைப்பிடி வளையம், தோட்டாவை வெடிக்க அடிக்கும் ஹேமர் ஒன்று, அடியில் நாலைந்து சில்லறை உருப்படிகள். ரிசீவரின் பின்னால் நீளும் மேல்பக்கத்து வாலில் விரலால் தேய்த்தபோது எழுத்துகள் தட்டுப்பட்டன: மாடல் 1892, வின்செஸ்டர். நாற்பது டாலர் கொடுத்தேன்.

சின்ன வயதில் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ்களில் குதிரைக்குப் பக்கத்தில் உறையில் தொங்கும் துப்பாக்கி இதுதான். கைப்பிடி வளையத்தை முன்னால் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தயார். நாங்கள் அதை 'மடக்குத் துப்பாக்கி' என்போம். பின்னாளில் தெரிந்துகொண்ட ஒரு சங்கதி: 1870களில் நடப்பதாகச் சொல்லும் ஹாலிவுட் படங்களிலும் பல முறை நடிகர் கையில் இருப்பது 1892 மாடல்தான். இருபது வருடம் முன்கூட்டியே பிறந்துவிட்ட துப்பாக்கி.

முதலில் சட்டம். ரிசீவரின் அடிப்பக்கத்தில், முன் ஓரத்தில் வரிசை எண் இருக்கும். அமெரிக்க மத்தியச் சட்டப்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி 'பழம்பொருள்' கணக்கில் வரும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வைத்த கோடு அது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும் என்பதால், இதைப் படித்துவிட்டு யாராவது டப்பா தேடக் கிளம்பினால் தங்கள் மாநில விதியை முதலில் பார்த்துக்கொள்ளட்டும். வையோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய கையெழுத்துப் பேரேடுகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லிக் கட்டணம் கட்டினால் பேரேட்டில் இருப்பதை எழுதிக் கடிதம் அனுப்புவார்கள். எனக்கு வந்த கடிதத்தில் நாலே விவரம்: ரைஃபிள், 44 காலிபர் (குழலின் உள்துளை அளவு), எட்டுப்பட்டைக் குழல், 1897இல் கிடங்குக்கு வந்தது. அந்த எட்டுப்பட்டை என்ற ஒரு சொல் எனக்கு வைத்த செலவு கொஞ்சநஞ்சமல்ல.

இந்த மாடலை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரௌனிங் 1855இல் ஆக்டனில் பிறந்தவர். அவர் செய்த மாதிரிகளை அந்த ஊரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்து மியூசியத்தில் பார்க்கலாம். 1892 பற்றி இங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. வின்செஸ்டரின் தலைவர் பென்னட் சின்னத் தோட்டாவுக்கு ஏற்ற புது லீவர் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டார். மூன்று மாதத்தில் தந்தால் 10,000 டாலர், இரண்டு மாதத்தில் தந்தால் 15,000 என்றார். பிரௌனிங் சொன்னாராம்: முப்பது நாளில் தருகிறேன், 20,000 கொடுங்கள், ஒரு நாள் தாண்டினால் காசே வேண்டாம். தாண்டவில்லை. ஏற்கெனவே அவர் செய்து கொடுத்திருந்த 1886 மாடலின் பெரிய உடலைச் சுருக்கியதுதான் இது என்பதால் அவ்வளவு தைரியம்.

சுருக்கினாலும் அந்த மாடலின் உயிர்நாடியை அப்படியே வைத்திருந்தார். பழைய 1873 மாடலில் போல்ட்டைத் தாங்குவது முழங்கால் போல மடங்கும் இணைப்பு. இதிலோ போல்ட்டின் இரண்டு பக்கமும் செங்குத்தாக இரண்டு தாழ்கள். லீவரை முன்னால் தள்ளும்போது தாழ்கள் கீழே இறங்கி வழிவிடும். போல்ட் பின்னால் வந்து ஹேமரை மல்லாத்தும். கேரியர் என்கிற தொட்டில் அடுத்த தோட்டாவைத் தூக்கி நிறுத்தும். லீவரை மூடும்போது போல்ட் தோட்டாவைக் குழலின் பின்முனையில் அது உட்காரும் சேம்பருக்குள் தள்ளும். தாழ்கள் மேலேறி ரிசீவரின் பள்ளத்திலும் போல்ட்டின் வெட்டிலும் சேர்ந்து உட்காரும். நம் பழைய வீட்டுக் கதவுக்கு மேல் தாழ், கீழ் தாழ் இருப்பதுபோல இங்கே வலது தாழ், இடது தாழ். வெடிக்கிற அழுத்தம் முழுக்க இந்த இரண்டு துண்டு எஃகின் மேல்தான். பின்னால் இதே தாழ்கள் என்னை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை.

கழற்றும் கதை. துருவில் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பதினைந்து நாள் தொடாமல் வைத்தேன். அந்தப் பொறுமை எனக்குக் கோவையில் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் இருந்தபோது வந்தது. அங்கே ஒரு மேஸ்திரி, இறுகிய மரையாணியை முதல் நாளே முறுக்குகிறவனை அந்த வாரம் முழுக்கத் துடைப்பம் பிடிக்க வைப்பார். பழைய துப்பாக்கித் திருகுகளின் வெட்டு ரொம்பக் குறுகல், பக்கங்கள் நேர். கடையில் வாங்கும் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிவாக இருக்கும். முறுக்கினால் மேலே எழும்பித் திருகின் தலையைக் கிழித்துவிடும். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு முனையைச் சாணை பிடித்து, வெட்டுக்குள் ஆடாமல் உட்காரும்படி செய்துகொண்டேன். ஏழு திருகில் ஆறு வந்தன. தாழ்களைக் கோக்கும் ஊசிக்குக் காவலாக இருக்கும் சின்னத் திருகு மட்டும் தலை போய் நின்றது. இடப்பக்கம் சுழலும் துரப்பணத்தால் நடுவில் துளை போட்டபோது பாதி வழியில் தானாகவே கழன்று வந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவன்கூட அந்த நேரத்தில் ஏதாவது முணுமுணுப்பான்.

துருவை எடுக்கப் பல மருந்துகள் இருக்கின்றன. ஊறப்போட்டால் இரும்பு பளிச்சென்று வெளியே வரும். கூடவே மிச்சமிருக்கும் பழைய நீலப் பூச்சும் போய்விடும். நான் எடுத்துக்கொண்டது கொதிக்க வைக்கும் முறை. எண்ணெய்ப் பிசுக்கை அசிடோனால் நீக்கிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சிவப்புத் துரு கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். அது வெல்வெட் தூசு போல மேலே நிற்கும். எண்ணெய் நீக்கிய மெல்லிய எஃகுப் பஞ்சால் தடவினால் உதிர்ந்து, அடியில் சாம்பல் கலந்த கறுப்புத் தோல் தெரியும். நாலு முறை கொதிக்க வைத்தேன். குழாய்த் தண்ணீரில் முதல் முறை முயன்றது என் சோம்பல். வெள்ளைத் திட்டுத் திட்டாக உப்பு படிந்துவிட்டது.

துரு போனதும் குழிகள் தெரிந்தன. வலப்பக்கத்தில் அம்மைத் தழும்பு மாதிரி. கிரைண்டரும் பஃபும் கையில் இருக்கிறவனுக்கு இங்கே கை அரிக்கும். அரித்தது. ஆனால் குழி போகும்வரை தேய்த்தால் ரிசீவரின் ஓரங்கள் உருண்டுவிடும், எழுத்து மங்கும், திருகுத் துளைகளைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி குழி விழும். அப்படிப் பாலிஷ் போட்ட பழைய துப்பாக்கிகளை மேளாக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். சோப்புக்கட்டியில் செய்த மாதிரி இருக்கும். குழிகள் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு உருப்படி தேடும் படலம். 1892 மாடல் பத்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதனால் கழற்றிய பாகங்கள் சந்தையில் கிடைக்கின்றன. பிரேசிலில் இன்றும் செய்யும் நகல்களின் பாகங்கள் மலிவு, ஆனால் அளவும் திருகும் அப்படியே ஒத்துவராது. போல்ட் ஒரு பாகக் கடையிலிருந்து வந்தது, கேரியர் வேறொரு இடத்திலிருந்து. தோட்டாவை வழிநடத்தும் இடது, வலது கைடுகள் ஒரு தனி ஆளிடம் வாங்கினேன். '92 கைடு, நல்ல நிலை' என்று போட்டிருந்தார். நல்ல நிலைதான். மாட்டிப் பார்த்தால் போலித் தோட்டா நுழைவதற்கே மறுத்தது. ஒரு மணி நேரம் கேரியரைத் திட்டிய பிறகுதான் உறைத்தது: இவை 32-20 துப்பாக்கியின் கைடுகள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் இதே காசை விடக் கூடாது. இந்த மாடல் முக்கியமாக மூன்று தோட்டாக்களுக்கு வந்தது: 44-40, 38-40, 32-20. முதல் எண் காலிபர், இரண்டாவது எத்தனை கிரெயின் கருமருந்து என்பது. 44-40 தோட்டா 1873 மாடலோடு பிறந்தது. 40 கிரெயின் என்றால் 2.6 கிராம் மருந்து, குண்டு 200 கிரெயின், 13 கிராம். 38-40 என்பது அதே தோட்டாவின் பித்தளை உறையின் கழுத்தைச் சுருக்கியது. பெயரில்தான் 38, குண்டின் குறுக்களவு 0.40 அங்குலம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆக 44ம் 38ம் அடிப்பக்கத்தில் அண்ணன் தம்பி. ஒன்றின் கேரியரும் கைடும் மற்றதற்கு ஒத்துப்போகும். 32-20 உறையின் அடி சிறுசு; அதன் உள்பாகங்களும் சிறுசு. விளம்பரத்தில் '92' என்று மட்டும் போட்டிருந்தால் காலிபரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன்.

எட்டுப்பட்டைக் குழல் கிடைக்க ஏழு மாதம் ஆனது. உள்துளை மோசம் என்று யாரோ கழற்றிப் போட்ட 24 அங்குலக் குழல், 44 காலிபர். வெளியே நல்ல பழுப்பு. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் குண்டைச் சுழலவைக்கும் திருகுவரைகள் தெரிந்தன, நடுநடுவே இருட்டாகக் குழிகளும். தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் பழைய தொடக்கமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது விட்டுப்போகும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் தின்னும். சுட்டவர் அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் இப்படி ஆகியிருக்காது. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் ஒரு சாயங்காலம் சோம்பேறித்தனமாக இருந்திருக்கிறார்.

இனித்தான் வேலை. இப்போது என் பெஞ்சில் இருந்தவை குறைந்தது ஐந்து துப்பாக்கிகளின் உருப்படிகள். ஒவ்வொன்றும் தன் பழைய வீட்டில் ஒருவிதமாகத் தேய்ந்து பழகியது. ஒரே துப்பாக்கியில் நூறு வருடம் சேர்ந்து தேய்ந்த பாகங்கள் தொளதொளவென்று இருந்தாலும் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போகும். அன்னியர்களைக் கூட்டி வைத்தால் எவனும் எவனோடும் ஒத்துப்போக மாட்டான்.

பிரஷ்யன் புளூவை எடுத்தேன். டூல் ரூமில் டை மேட்சிங் செய்த எவருக்கும் இது தெரியும்: ஒரு முகத்தில் மெல்லிசாக நீலம் தடவி, எதிர்முகத்தோடு சேர்த்து எடுத்தால் தொடும் இடம் மட்டும் நீலமாக இருக்கும். தாழ்களில் தடவி, லீவரை மூடித் திறந்தேன். இடது தாழ் போல்ட்டின் மேல் முழுசாகப் படிந்திருந்தது. வலது தாழில் நீலம் துளிகூடக் கலையவில்லை. அதாவது சுமை முழுக்க ஒரு தாழின் மேல். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு இடைவெளி.

பழக்கதோஷம், கை அரத்துக்குப் போனது. உயரமாக இருக்கும் இடது பக்கத்தைத் தட்டிவிட்டால் இரண்டும் சமமாகிவிடுமே என்றுதான் எந்த ஃபிட்டருக்கும் தோன்றும். அச்சு வேலையில் அது சரி. இங்கே அப்படிச் செய்தால் போல்ட் அந்த நாலு ஆயிரத்துக்கும் பின்னால் நகரும். போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடம் கூடும். இந்தத் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உட்காரும் இடத்தின் கனம்தான் ஹெட்ஸ்பேஸ். அது கூடினால் சுடும்போது உறை பின்னால் தள்ளப்பட்டுக் கிழியலாம், கிழிந்தால் முகத்துக்கு நேரே. தவிர அந்த முகங்கள் கடினப்படுத்தியவை. அரம் போட்டால் மேல்தோல் போய்விடும். அரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் அரை மணி நேரம் நடந்தேன்.

அரம் தொடாமல் செய்ய முடிந்தது மாற்றிப் பார்ப்பது மட்டுமே. இன்னும் இரண்டு ஜோடிப் பழைய தாழ்கள் வாங்கினேன். கையில் மூன்று இடது, மூன்று வலது. ஒன்பது சேர்க்கைகள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் மாட்டி, நீலம் தடவி, கேஜ் வைத்து எழுதினேன். ஏழாவது சேர்க்கையில் இரு பக்கமும் நீலம் ஒரே மாதிரி ஒட்டி வந்தது. இரண்டாவது ஜோடியின் வலதும் மூன்றாவது ஜோடியின் இடதும். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு கராஜில் தனியாக நின்று கைதட்டினேன்.

குழல் பொருத்தும் வேலையை நான் செய்யவில்லை. லேத் இருக்கிறது, திருகு வெட்டவும் தெரியும், ஆனாலும் செய்யவில்லை. பக்கத்து ஊரில் ஐம்பது வருடமாக துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் செய்யும் ஒரு கன்ஸ்மித்திடம் ரிசீவரையும் குழலையும் என் ஒன்பது கட்ட நோட்டையும் கொடுத்தேன். நோட்டைப் பார்த்துச் சிரித்தார். கேலியாக அல்ல என்று நினைக்கிறேன். உருண்டைக் குழலாக இருந்தால் கொஞ்சம் முன்னேபின்னே திருகி நிறுத்தினாலும் கண்ணுக்குத் தெரியாது. எட்டுப்பட்டையில் மேல்பட்டை ரிசீவரின் மேல்முகத்தோடு மயிரிழை கோணினாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவர் குழலை ஒரு திருகுச் சுற்று பின்னுக்கு வாங்கி, சுட்ட உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கான வெட்டைப் புதிதாக வெட்டி, கேஜ்கள் வைத்து ஹெட்ஸ்பேஸ் சரி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம், 350 டாலர். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஹேமரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் துப்பாக்கியில் சேஃப்டி பட்டன் கிடையாது. ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தும் ஹாஃப் காக் பள்ளம் ஒன்றுதான் காவல். டப்பாவில் கிடைத்த ஹேமரில் அந்தப் பள்ளத்தின் உதடு உடைந்திருந்தது. விசையை இழுத்தால் பாதியில் நின்ற ஹேமர் தொப்பென்று விழுந்தது. யாரோ உதட்டுக்கு வெல்டிங் வைத்து அரம் போட்ட தடமும் இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு முழுப் பள்ளமுள்ள வேறொரு ஹேமரும் விசையும் ஜோடியாக வாங்கினேன். விசை இழுப்பு இப்போது கனம்தான். வீடியோ பார்த்துக் கல் தேய்த்து இழுப்பை இளக்கச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் தங்கள் துப்பாக்கியில் செய்துகொள்ளட்டும்.

அந்தச் சமயத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கராஜில் எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கண்ணு இது, துப்பாக்கியா? நம்மூர்ல இதை வூட்ல வெச்சிருந்தா போலீஸ் வந்துருமே."

"இங்க வராதும்மா. பழசு."

"பழசுன்னா சுடாதா?"

நியாயமான கேள்வி. கராஜ் சுவரில் பூட்டோடு இரும்பு அலமாரி இருப்பதைத் திறந்து காட்டினேன். சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கட்டை வேலையில் அம்மா எனக்கு ஆசானானார். நான் வாங்கியிருந்தது கறுப்பு வால்நட் கட்டை, பிறை மாதிரி வளைந்த இரும்பு அடித்தகட்டோடு. கை பிடிக்கும் மணிக்கட்டுப் பகுதியில் நெடுக விரிசல். நூறு வருட எண்ணெய் குடித்து முனை கறுத்திருந்தது. எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. சுண்ணாம்புப் பொடியை அசிடோனில் குழைத்துப் பத்துப் போட்டேன். காய்ந்ததும் பொடி மஞ்சளாகி எண்ணெயை இழுத்து வந்தது. ஐந்து பத்துக்குப் பிறகு விரிசலுக்குள் எபாக்சியைப் பாய்ச்சி, குறுக்கே ஒரு பித்தளை ஆணியைப் புதைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன். அமுங்கிய இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்தால் மரம் ஆவியைக் குடித்து மேலே எழும்பும்.

அடுத்து, கட்டையை ரிசீவரின் வாலுக்குப் பொருத்த வேண்டும். மரத்தில் எங்கே இரும்பு முட்டுகிறது என்று கண்டுபிடிக்க இங்கே குழம்பாக ஒரு கறுப்பு விற்கிறார்கள். நிறையப் பூசிவிட்டால் மரமெல்லாம் ஈஷிக்கொள்ளும். எனக்கு ஈஷிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டு, "கண்மை கூட்டற மாதிரி கூட்டிக்க" என்றார். விளக்கெண்ணெய் ஊற்றி அகலை ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தார். அரை மணி நேரத்தில் தட்டில் பட்டு மாதிரி கரி. அதை விரலால் எடுத்து இரும்பு வாலில் தடவினேன். கட்டையை உள்ளே தள்ளி எடுத்தால் முட்டும் இடத்தில் மட்டும் ஊசிமுனைக் கறுப்பு. உளியால் ஒரு சீவல், மறுபடி தள்ளல், மறுபடி சீவல். நாற்பது முறையாவது இருக்கும். விரிசல் விட்டதே வாலின் பின்முனை மட்டும் மரத்தை ஆப்பு மாதிரி குத்திக்கொண்டு இருந்ததால்தான்; அதனால் பின்முனையில் ஒரு காகிதக் கனம் இடைவெளி விட்டு, உதைப்பு முழுக்க ரிசீவரின் அகலமான பின்முகத்தில் விழும்படி வைத்தேன். மீந்த கரியை அம்மா ஒரு டப்பியில் போட்டுப் பேத்திக்குப் பொட்டு வைத்தார்.

மேலே சமைத்த ஆளி விதை எண்ணெய், கையால் தேய்த்து, மூன்று வாரம். கட்டையின் இடப்பக்கத்தில் யாரோ கத்தியால் வெட்டிய மூன்று கோடுகள் இருக்கின்றன. மானுக்கா, வேலிக் கம்பத்துக்கா, எந்தக் கணக்கோ. உப்புத்தாள் போடும்போது அந்த இடத்தைச் சுற்றிப் போனேன்.

ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். கன்ஸ்மித் தொட்ட இடத்தில் குழல் வெள்ளையாக இருந்ததால், முழுக் குழலுக்கும் துருவேற்றி நீலம் பிடிக்க வைக்கலாம் என்று இறங்கினேன். முறை பழையது: அமிலக் கரைசலை மெல்லிசாகப் பூசி, ஈரமான பெட்டியில் வைத்துத் துருப்பிடிக்கவிட்டு, கொதிக்க வைத்துக் கறுப்பாக்கி, பஞ்சால் தேய்த்து, திரும்ப முதலிலிருந்து. யூட்டா பாலைவனக் காற்றில் துருப்பிடிக்கவே மாட்டேன் என்றது. சென்னையாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு நீராவியில் தொங்கவிட்டேன். அதற்கு வீட்டில் கிடைத்த வசவு தனிப் பதிவுக்கு உரியது. ஏழு சுற்றுக்குப் பிறகு குழல் கருநீலத்தில் அசத்தலாக வந்தது. துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தேன். எழுபது வயதுத் தாத்தா மீசைக்கு மட்டும் மை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது. தழும்பேறிய சாம்பல் ரிசீவர், பளபளக்கும் குழல். இரண்டு நாள் யோசித்துவிட்டு எண்ணெய் தொட்ட எஃகுப் பஞ்சால் கை படும் இடங்கள், பட்டை ஓரங்கள், முனை என்று தேய்த்து இறக்கினேன். இப்போது பரவாயில்லை. தொடாமல் இருந்திருந்தால் இன்னும் பரவாயில்லை.

சுடுவதற்கு முன் குழலின் உள்ளளவு. மென்மையான ஈயக் குண்டைக் குழலுக்குள் தட்டி அனுப்பி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன்: 0.428 அங்குலம். சேம்பருக்கு செர்ரோசேஃப் என்ற கலவை; கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே உருகும். ஊற்றி எடுத்தால் முதலில் சுருங்கி, பிறகு விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அசல் அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் அளக்க வேண்டும், முன்னாலும் அல்ல, பின்னாலும் அல்ல. இரண்டு அளவும் கன்ஸ்மித்துக்கு அனுப்பி, கருமருந்து அழுத்தத்துக்குள் மட்டும் என்ற அவர் நிபந்தனையோடு தோட்டாக்கள் தயாராயின.

மலையடிவாரத்தில், பழைய டிராக்டர் டயரில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் முப்பது அடி கயிறு. மண்மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுத்தேன். கயிறு நீண்டதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. முடிச்சு சரியாகப் போடவில்லை. இரண்டாவது முறை வெடித்தது. வெள்ளைப் புகை. கந்தக வாசனை. தீபாவளியன்று விடிகாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் இருக்கும் அதே வாசனை, சுற்றிலும் பனி மூடிய மலை. மூன்று முறை கயிற்றால் சுட்டு ஒவ்வொரு உறையையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடி வீங்கவில்லை, கிழியவில்லை, கழுத்தில் மட்டும் கரி. திரும்பவும் தாழ்களில் நீலம் தடவினேன். இரண்டு பக்கமும் ஒட்டியது.

பிறகு தோளில் வைத்துச் சுட்டேன். ஐம்பது கஜத்தில் ஐந்து குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன. குழிவிழுந்த குழலுக்கு இது தாராளம். வீட்டுக்கு வந்ததும் கொதிநீரும் சோப்பும்; கருமருந்தின் கசடு எண்ணெய்க்கு மசியாது, தண்ணீருக்குத்தான் கரையும். அன்றைக்கே கழுவினேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன்: 1,100 டாலருக்குப் பக்கம், பதினாறு மாதம். இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் முழுசாகவே ஒன்று வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி சொன்னது சரிதான். ஒரே ஒரு உருப்படி இன்னும் கிடைக்கவில்லை. குறி பார்க்கும் பின்பார்வையை ஏற்றி இறக்கும் படிக்கட்டு மாதிரியான சின்னத் தகடு, எலிவேட்டர். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இப்போதைக்கு அந்த இடத்தில், கட்டைக்கு ஆணி வெட்டியது போக மிஞ்சிய பித்தளையில் மூன்று படி வெட்டிச் செருகி வைத்திருக்கிறேன். இரண்டாவது படியில் வைத்தால் ஐம்பது கஜத்துக்குச் சரியாக இருக்கிறது.